அரக்கு முத்திரை வைத்த பன்னிரண்டு டின்

திங்கட்கிழமை காலை. கையில் முறத்தோடு ஓடி வந்த ஹில்டா, அரிசிக் கிடங்கு வாசலில் பூவம்மா அக்காவைப் பார்த்ததும் அப்படியே நின்றுவிட்டாள்.

பூவம்மா அக்கா வாயைப் பிளந்துகொண்டு நின்றாள். வாயிலிருந்த வெற்றிலை கீழே விழுந்ததுகூட அவளுக்குத் தெரியவில்லை.

ராயபுரத்தில் இது அடிக்கடி நடக்கிற காரியம் இல்லை. யுத்த காலத்தில், துறைமுகத்தில் குண்டு விழப்போகிறது என்று ஊரே மூட்டை முடிச்சோடு ஓடியது. அப்போதுகூட, "போறவங்க கதவ சாத்திகினு போங்க, நாய் பூந்துடும்" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்து மீன் கழுவியவள் அவள்.

"இன்னாக்கா ஆச்சு?"

"அத்தப் படி கண்ணு. எழுத்தெல்லாம் செவப்பா கீது."

கிடங்குக் கதவில் ஒரு புதுப் பலகை தொங்கியது. பெயிண்ட் இன்னும் காயவில்லை. அங்கே நின்ற எட்டுப் பேரில் எழுத்துக் கூட்டாமல் படிக்கத் தெரிந்தவள் ஹில்டா ஒருத்திதான். ஐந்தாம் வகுப்பு. அவள் உரக்கப் படித்தாள்.

"இவ்விடத்தில் சிந்தும் ஒவ்வொரு அரிசி மணியும் தேசத்தின் சொத்து. அதைப் பொறுக்குவோர் போலீஸில் ஒப்படைக்கப்படுவர். இப்படிக்கு, தானிய மணிக் காப்புக் கழகம். தலைவர், அய்யாத்துரை. செயலாளர், அய்யாத்துரை. பொருளாளர், அய்யாத்துரை."

"மூணு பேரா கையெழுத்துப் போட்டுக்கீறாங்க?" என்று திகைத்தாள் ரசூல் பீவி.

"இல்லக்கா. ஒரே ஆளு மூணு தபா."

யாரும் சிரிக்கவில்லை. ஹில்டாவின் கையிலிருந்த முறம் தானாகக் கீழே இறங்கியது.

அது ரேஷன் காலம். சுதந்திரம் வந்து மூன்று வருஷம் ஆகிவிட்டது, அரிசிதான் இன்னும் வந்து சேரவில்லை என்று பெரியவர்கள் சொல்வார்கள். கார்டுக்கு இவ்வளவு என்று அளந்துதான் கொடுப்பார்கள். அந்த அரிசி ஹில்டா வீட்டில் வியாழக்கிழமைக்கு மேல் தாங்காது.

கப்பலில் வரும் அரிசி மூட்டைகள் மாட்டு வண்டியில் ஏறி இந்தக் கிடங்குக்கு வரும். கூலிக்காரர்கள் இரும்புக் கொக்கியால் மூட்டையில் ஒரு குத்துக் குத்தி, முதுகில் சாய்த்து உள்ளே தூக்கிப் போவார்கள். குத்திய ஓட்டை வழியாக அரிசி சிந்தும். வண்டியிலிருந்து கிடங்கு வாசல் வரைக்கும் வெள்ளைக் கோடு போட்ட மாதிரி கிடக்கும்.

அந்தக் கோடுதான் வெள்ளிக்கிழமையும் சனிக்கிழமையும் ஹில்டா வீட்டுச் சோறு.

அப்பா பாஸ்கல் துறைமுகத்தில் மூட்டை தூக்குபவர். காலில் மூட்டை விழுந்து ஒரு மாதமாகப் பாயில் கிடக்கிறார். அம்மா சிலுவையம்மாள் விடியற்காலையிலேயே வலை பின்னப் போய்விடுவாள். தம்பி இக்னேஷியஸுக்கு ஆறு வயது. அவனுக்குச் சாப்பிட மட்டும்தான் தெரியும். அதனால் அரிசி பொறுக்குவது ஹில்டாவின் வேலை. பள்ளி மணி அடிப்பதற்குள் அரைப்படி சேர்த்துவிடுவாள்.

சிந்தியதைப் பொறுக்குவதற்கும் சட்டம் உண்டு. யாரும் எழுதி வைத்ததில்லை, ஆனால் எல்லாருக்கும் தெரியும். வண்டி காலியாகும்வரை கிட்டே போகக் கூடாது. மூட்டையைத் தொடவே கூடாது. ஓட்டைக்குள் விரல் விட்டவள் ஒரு வாரத்துக்கு இந்தத் தெருப்பக்கம் வரக் கூடாது. காய்ச்சலில் படுத்திருப்பவள் வீட்டுக்கு ஆளுக்கு ஒரு பிடி. சுவரோரம் தெறித்தது குருவிக்கு.

இத்தனை சட்டத்திலும் போலீஸ் என்ற சொல் எங்கேயும் இருந்ததில்லை.

கதவு திறந்தது. கிடங்கு முதலாளி அய்யாத்துரை வெளியே வந்தார். பெண்கள் மறுபடியும் வாயைப் பிளந்தார்கள்.

தினமும் வேட்டியும் துண்டுமாக வருகிறவர், இன்று கறுப்புக் கோட்டு போட்டிருந்தார். நெஞ்சில் சாஸர் தட்டு அளவுக்கு ஒரு பித்தளை வில்லை பளபளத்தது.

அய்யாத்துரை கெட்டவர் அல்லர். திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்து, இருபது வருஷம் உழைத்து, மண்டி வைத்தவர். அவருக்கு இருந்த குறை ஒன்றே ஒன்றுதான். அவருடைய பெயர் இதுவரை பேப்பரில் வந்ததில்லை. போன வாரம் ஒரு கூட்டத்தில் பெரிய அதிகாரி ஒருவர், "ஒரு மணி அரிசிகூட வீணாகக் கூடாது" என்று பேசினார். எல்லோரும் கை தட்டிவிட்டு வீட்டுக்குப் போனார்கள். அய்யாத்துரை மட்டும் நேராகப் பெயிண்டரிடம் போனார்.

"தாய்மார்களே!" என்று அவர் கையை உயர்த்தினார். "இன்று முதல் இந்தத் தெருவில் ஒரு மணியும் வீணாகாது!"

"இதுக்கு முன்னாடி மட்டும் எங்க வீணாச்சு நைனா?" என்றாள் பூவம்மா. "நாங்கதான் ஒண்ணு விடாம பொறுக்கிக்கினு போனமே."

"அதுதான் வீண்!" என்றார் அய்யாத்துரை.

பூவம்மா தன் முறத்தை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டாள். அவள் வாழ்க்கையில் அதுவும் முதல் தடவை.

கழகத்துக்கு ஒரே ஓர் ஊழியர் இருந்தார். பெயர் சின்னப்பையன். ஆள் ஆறடி உயரம், மீசை அரையடி. கழகம் அவருக்கு ஒரு விசிலும், தெரு கூட்டும் பெரிய துடைப்பமும், பன்னிரண்டு காலி மண்ணெண்ணெய் டின்னும் கொடுத்திருந்தது.

வண்டி வந்து போனதும் சின்னப்பையன் விசில் ஊதுவார். பிறகு வாசலைக் கூட்டுவார். கூட்டியதை எல்லாம் மண்வெட்டியால் அள்ளி டின்னில் கொட்டுவார். எல்லாம் என்றால் எல்லாம்தான். அரிசி, மணல், வைக்கோல், பீடித் துண்டு, கரித்தூள்.

எதிர்ச் சுவரில் சாய்ந்து பார்த்துக்கொண்டிருந்த ஹில்டாவுக்குப் பொறுக்கவில்லை.

"அண்ணே! இன்னாண்ணே, மண்ணப் போயி அள்ளிக்கினு கீறே?"

சின்னப்பையன் இரண்டு பக்கமும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "ஒரு மணி தரைல கெடந்தாலும் வேலை போயிடும்னு சொல்லிக்கீறாரு பாப்பா. எது மணி, எது மண்ணுன்னு எனக்கு இன்னா தெரியும்? அதான் தெருவையே அள்ளிடறேன்."

ஒரு டின் நிரம்பியதும் அய்யாத்துரை வருவார். மூடியை அடைத்து, அரக்கை உருக்கி ஊற்றி, தன் மோதிரத்தால் முத்திரை வைப்பார். "எலி திருடக் கூடாது பாருங்கள்!" என்பார். டின்னுக்குள் ஒரு தடவைகூடக் கையை விட்டுப் பார்த்ததில்லை. இருபது வருஷமாக அரிசியை மூட்டையாகவே பார்த்த மனிதர் அவர். மூட்டைக்குள் இருப்பது அரிசி என்றால், டின்னுக்குள் இருப்பதும் அரிசிதானே?

ஒரு வாரத்தில் கிடங்கு வாசலில் பள்ளம் விழுந்துவிட்டது. வண்டிச் சக்கரம் அந்தப் பள்ளத்தில் இறங்கி ஏறும்போது மூட்டைகள் குலுங்கி, முன்னைவிட இரண்டு மடங்கு அரிசி சிந்தியது. டின்கள் இன்னும் வேகமாக நிரம்பின.

"கழகத்தின் வளர்ச்சியைப் பார்த்தீர்களா!" என்று அய்யாத்துரை தாமே அதிசயப்பட்டார்.

ஹில்டா வீட்டில் வளர்ச்சி வேறு மாதிரி இருந்தது. முதல் வாரம் கஞ்சி தண்ணீராயிற்று. இரண்டாம் வாரம் தண்ணீர் கஞ்சியாயிற்று.

"அக்கா, இங்க பாரேன். கஞ்சில என் மூஞ்சி தெரியுது!" என்று இக்னேஷியஸ் கத்தினான்.

"பேசாம குடிடா."

"மூஞ்சியயும் சேத்தா?"

அம்மா அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டாள். தன் கிண்ணத்தை எடுத்து அவன் கிண்ணத்தில் கொஞ்சம் ஊற்றினாள். அதிலும் அவன் முகம்தான் தெரிந்தது.

மூன்றாவது வாரம், வெள்ளிக்கிழமை, தலைமையாசிரியர் வகுப்புக்குள் வந்து ஒரு நோட்டீஸைப் படித்தார். ஞாயிற்றுக்கிழமை பதினொரு மணிக்கு தானிய மணிக் காப்புக் கழகத்தின் விருந்து. தலைமை, பெரிய அதிகாரி செல்வநாதன் அவர்கள். கழகம் காப்பாற்றிய பன்னிரண்டு டின் அரிசியையும் மேடையில் திறந்து, அங்கேயே சமைத்து, பள்ளிப் பிள்ளைகள் அறுபது பேருக்கு வயிறாரச் சோறு போடப்படும்.

வகுப்பு கூரை பறக்கக் கத்தியது. ஹில்டா மட்டும் கத்தவில்லை. அவளுக்குத் தூக்கிவாரிப்போட்டது.

அந்தப் பன்னிரண்டு டின்னா?

மாலையில் தண்ணீர்க் குழாயடியில் செய்தியைச் சொன்னாள். பூவம்மாவுக்குச் சிரித்துச் சிரித்துக் கண்ணில் நீர் வந்துவிட்டது.

"தொறக்கட்டும்! எல்லார் எதுருலயும் தொறக்கட்டும்! நான் மொத ஆளா போயி குந்திக்கினு பாக்கப் போறேன்!"

"அக்கா, நாம போயி சொல்ல வேணாமா?"

"இன்னாத்துக்கு? நம்ம வாயில மண்ணப் போட்டாரு இல்ல? அவரும் கொஞ்சம் துன்னட்டும்."

எல்லாரும் சிரித்தார்கள். ஹில்டாவும் சிரித்தாள். ஆனால் வீட்டுக்கு வந்ததும், இக்னேஷியஸ் தன் அலுமினியத் தட்டை மணல் போட்டுத் தேய்த்துக்கொண்டிருப்பதைப் பார்த்தாள்.

"ஞாயித்துக்கெழமைக்குக்கா," என்றான் அவன். "இப்பவே தேச்சு வச்சுட்டேன். எனக்கு மூணு கரண்டி போடுவாங்களா?"

மறுநாள் ஹில்டா தனியாகக் கிடங்குக்குப் போனாள். அய்யாத்துரை கண்ணாடி முன்னால் நின்று ஞாயிற்றுக்கிழமைப் பேச்சைப் பழகிக்கொண்டிருந்தார்.

"ஐயா, அந்த டின்னுல எல்லாம் மண்ணு கீதுங்க."

அய்யாத்துரை கண்ணாடியிலேயே அவளை முறைத்தார். "மண்ணா? கழகத்தின் டின்னிலா?"

"ஆமாங்க. நான் பாத்தேன். கொஞ்சம்தான் அரிசி. ஒரு டின்னத் தொறந்து பாருங்களேன்."

"முத்திரையை உடைப்பதா!" அவர் நெஞ்சில் கை வைத்துக்கொண்டார். வில்லை சுட்டதுபோல உடனே எடுத்தார். ஜன்னல் வழியாக விழுந்த வெயிலில் அது நன்றாகத்தான் சுட்டிருக்கும். "அதிகாரி கையால் உடைக்க வேண்டிய முத்திரை அது! பொறுக்க விடவில்லை என்ற கோபத்தில் பொய் சொல்கிறாயா? போ, போ. நாளைக்கு வந்து நன்றாகச் சாப்பிடு!"

வாசலில் சின்னப்பையன் நின்றார். அவர் முகம் வெளிறியிருந்தது.

"பாப்பா, நாளைக்கு என் வேலை போயிடும் இல்ல?"



ஞாயிற்றுக்கிழமை தெருவையே அடைத்துப் பந்தல் போட்டிருந்தார்கள். மேடையில் பன்னிரண்டு டின்களும் வரிசையாக, சாமந்தி மாலை போட்டுக்கொண்டு நின்றன. பக்கத்தில் மூன்று பெரிய அண்டாக்களில் தண்ணீர் கொதித்தது. வாளிகளில் கத்தரிக்காய்க் குழம்பு மணத்தது. பிள்ளைகள் அறுபது பேரும் இலை முன்னால் உட்கார்ந்திருந்தார்கள். இக்னேஷியஸ் மட்டும், இலை போட்டிருந்தும், அதன் மேல் தன் தட்டை வைத்துக் காத்திருந்தான்.

தெருவின் எதிர்ப் பக்கத்தில் பூவம்மாவும் மற்ற பெண்களும் நாடகம் பார்க்க வந்தவர்களைப் போல உட்கார்ந்திருந்தார்கள்.

அய்யாத்துரை முக்கால் மணி நேரம் பேசினார். "ஒவ்வொரு மணியாக! எம் கண்ணுக்குள் வைத்துக் காத்தோம்!" என்றார். "இந்த டின்களில் இருப்பது வெறும் அரிசி அல்ல!" என்றும் சொன்னார். பின்னால் யோசித்தால், அந்த ஒரு வாக்கியம் முழு உண்மை.

அதிகாரி செல்வநாதன் மெலிந்த மனிதர். அவருக்கும் பசித்தது. அவசரமாக முதல் முத்திரையை உடைத்தார். அய்யாத்துரை கண்களை மூடிக்கொண்டு கையை உள்ளே விட்டார். கை நிறைய அள்ளி, கூட்டத்துக்கு எதிரே உயரத் தூக்கிக் காட்டினார்.

கூட்டம் கை தட்டவில்லை.

அய்யாத்துரை மெல்லக் கண்ணைத் திறந்தார். விரல் இடுக்கு வழியாகக் கறுப்பு மணல் கோட்டின் கைக்குள் ஒழுகிக்கொண்டிருந்தது. உள்ளங்கையில் ஐந்தாறு அரிசி, இரண்டு பீடித் துண்டு, ஒரு மாட்டு லாடம். லாடத்தின் மேல் ஒரு வண்டு உட்கார்ந்து மீசையை ஆட்டியது.

இக்னேஷியஸின் குரல் மட்டும் தெளிவாகக் கேட்டது.

"அக்கா, லாடம் வேவுமா?"

"எலே, என்னலே இது!" மேடைத் தமிழ் மொத்தமும் உதிர்ந்து, அய்யாத்துரையின் வாயிலிருந்து ஊர்ப் பேச்சு வெடித்தது. "ஏ சின்னப்பையா! என்னலே பண்ணித் தொலைச்சே!"

இரண்டாவது டின்னை உடைத்தார்கள். மணல். மூன்றாவதில் மணலோடு ஒரு கிழிந்த செருப்பு. அதிகாரி செருப்பையும் அய்யாத்துரையையும் மாறி மாறிப் பார்த்தார். சின்னப்பையன் பந்தல் கம்புக்குப் பின்னால் ஒளிந்துகொண்டார். ஆறடி ஆள் ஒரு மூங்கில் கம்புக்குப் பின்னால் எவ்வளவு ஒளிய முடியும்?

எதிர்ப் பக்கத்தில் பெண்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். ஹில்டா சிரிக்கவில்லை. அவள் பிள்ளைகளின் வரிசையைப் பார்த்தாள். அறுபது இலைகள் காலியாக இருந்தன. சிலர் இலையை மடிக்கவே ஆரம்பித்துவிட்டார்கள். இக்னேஷியஸ் தட்டைத் தூக்கி முகத்தை மறைத்துக்கொண்டான்.

ஹில்டா எழுந்து தெருவைக் கடந்து ஓடினாள்.

"அக்கா, வாங்க. மொறம் எடுத்துக்கினு வாங்க. அதுல அரிசி கீது. நமக்குத் தெரியுமில்ல?"

பூவம்மாவின் சிரிப்பு நின்றது. "இன்னாடி சொல்றே? நம்மள போலீஸ்ல புடிச்சிக் குடுக்குறேன்னாரு. அவரு மானத்த நாம போயி காப்பாத்தணுமா?"

"அவருக்கு இல்லக்கா. அங்க பாரு, பசங்க எலைய மடிக்கிறாங்க."

பூவம்மா பார்த்தாள். ரொம்ப நேரம் பார்த்தாள். பிறகு புடவை முந்தானையை இடுப்பில் இழுத்துச் செருகினாள்.

"பீவி! வூட்டுக்குப் போயி சல்லடைய எடுத்துக்கினு ஓடியா. அரிக்கன்சட்டி யார் வூட்ல எல்லாம் கீதோ, அத்தனயும் வரட்டும்!"

ஹில்டா நேரே மேடைக்குப் போனாள். அய்யாத்துரை நாற்காலியில் சரிந்து கிடந்தார். லாடம் இன்னும் கையிலேயே இருந்தது.

"ஐயா, ரெண்டு மணி நேரம் குடுங்க. நாலு டின்னக் கீழ எறக்கச் சொல்லுங்க. சோறு ஆக்கிடலாம்."

"மண்ணிலேயா?" என்றார் அய்யாத்துரை பரிதாபமாக.

"எங்க வூட்ல வாராவாரம் அதுலதான் ஆக்குனோம்."

பெண்கள் வட்டமாக உட்கார்ந்தார்கள். முதலில் சல்லடை. பொடி மணல் எல்லாம் கீழே உதிர்ந்து புகையாகப் பறந்தது. முன்வரிசையில் உட்கார்ந்திருந்த பிரமுகர்கள் தும்மினார்கள். அடுத்து முறம். பூவம்மா புடைத்தாள். மேலே எழும்பி விழும் ஒவ்வொரு தடவையும் வைக்கோலும் பீடித் துண்டும் முறத்தைவிட்டு வெளியே குதித்தன. பிறகு அவள் முறத்தைச் சற்றே சாய்த்து மெதுவாக ஆட்டினாள். அரிசி ஒரு பக்கமாகவும் கல் ஒரு பக்கமாகவும் பிரிந்து போயின.

அதிகாரி தம் நாற்காலியைவிட்டு எழுந்து வந்து, குனிந்து பார்த்தார். "இது எப்படி?" என்றார். அவருக்கு யாரும் பதில் சொல்லவில்லை. எல்லோரும் வேலையாக இருந்தார்கள்.

ஹில்டா பிள்ளைகளைக் குழாயிலிருந்து மேடைவரை வரிசையாக நிறுத்தினாள். வாளிகள் கைமாறிக் கைமாறி வந்தன. உள்ளே வரி வரியாக மேடு வைத்த அரிக்கன்சட்டிகளில் அரிசியைப் போட்டு, தண்ணீர் ஊற்றிச் சுழற்றினார்கள். தண்ணீரோடு அரிசி அடுத்த சட்டிக்குப் போயிற்று. கல் மட்டும் வரிகளில் சிக்கி அடியில் நின்றது. மறுபடி தண்ணீர். மறுபடி சுழற்று. ஏழு தண்ணீர் மாற்றினார்கள். ஏழாவது தண்ணீர் கண்ணாடி மாதிரி இருந்தது.

சின்னப்பையன் கம்புக்குப் பின்னாலிருந்து வெளியே வந்து, அண்டாவுக்கு விறகு தள்ளினார். அவரிடம் யாரும் துடைப்பம் கொடுக்கவில்லை.

நான்கு டின் மண்ணிலிருந்து முக்கால் டின் அரிசி வந்தது. அண்டாவில் விழுந்தபோது முல்லை மொட்டு கொட்டியதுபோல இருந்தது.

இலையில் சோறு விழுந்ததும் பிள்ளைகள் சத்தமே போடவில்லை. இக்னேஷியஸ் மூன்று கரண்டி வாங்கினான். நான்காவதையும் வாங்கினான்.

அதிகாரி ஒரு கவளத்தை வாயில் போட்டார். அய்யாத்துரையும் போட்டார். அவர் கண்களை இறுக்க மூடி, பல்லை மெல்ல, மிக மெல்ல இறக்கினார். எப்போது 'நறுக்'கென்று கேட்குமோ என்று காத்திருந்தார். கேட்கவில்லை. அடுத்த கவளம். அதிலும் இல்லை. இலை காலியாகும்வரை ஒரு சின்னக் கல்கூட அகப்படவில்லை. தலைவரின் முகத்தில் தெரிந்த அதிர்ச்சி, லாடத்தைப் பார்த்தபோது தெரிந்ததைவிடப் பெரிதாக இருந்தது.

அதிகாரி கையைக் கழுவிக்கொண்டு ஹில்டாவிடம் வந்தார்.

"கழகம் வருவதற்கு முன்னால் இந்தத் தெருவில் சிந்திய அரிசியை யார் எடுத்தார்கள்?"

"நாங்கதாங்க."

"எவ்வளவு வீணாகும்?"

ஹில்டா யோசித்தாள். "சுவரோரம் கொஞ்சம். அதையும் குருவி தின்னுடும்."

"இப்போது ஏன் எடுப்பதில்லை?"

ஹில்டா அய்யாத்துரையைப் பார்த்தாள். அவர் இலையையே பார்த்துக்கொண்டிருந்தார். அந்தக் காலி இலையில் பார்ப்பதற்கு ஒன்றுமே இல்லை.

அவள் நினைத்திருந்தால் அறுபது பிள்ளைகளுக்கும், ஊருக்கும் எதிரே அப்போதே சொல்லியிருக்கலாம். பூவம்மா பின்னாலிருந்து இடுப்பில் குத்தினாள். "சொல்லுடி!"

"எங்களுக்குப் பயம்மா கீதுங்க," என்றாள் ஹில்டா. "ஐயா மனசு வச்சா பயம் போயிடும்."

அதிகாரி கிடங்குக் கதவில் தொங்கிய பலகையைத் திரும்பிப் பார்த்தார். பிறகு அய்யாத்துரையின் தோளைத் தட்டினார். "தலைவரே, உங்கள் கழகத்தில் வேலை தெரிந்தவர்கள் இந்த எட்டுப் பேர்தான் போலிருக்கிறது. விட்டுவிடாதீர்கள்."

திங்கட்கிழமை காலை எட்டுப் பேரும் முறத்தோடு தெருமுனையில் நின்றார்கள். உள்ளே போகலாமா, கூடாதா என்று யாருக்கும் தெரியவில்லை. பள்ளத்தை நேற்றே சலித்த டின் மண்ணைக் கொட்டிச் சின்னப்பையன் மூடியிருந்தார். வண்டி வந்தது. மூட்டைகள் இறங்கின. வெள்ளைக் கோடு விழுந்தது. வண்டி போயிற்று.

விசில் கேட்கவில்லை.

அய்யாத்துரை வெளியே வந்தார். கறுப்புக் கோட்டு, பித்தளை வில்லை, கையில் நான்கு பக்கக் காகிதம். அரிசிக் கோட்டின் நடுவில் வந்து நின்று தொண்டையைக் கனைத்தார்.

"வாருங்கள், வாருங்கள்! தானிய மணிக் காப்புக் கழகம், தன்னுடைய நீண்ட நாள் ஆலோசனையின் பயனாக, தொடக்கத்திலிருந்தே தான் கொண்டிருந்த திட்டத்தின்படி, பின்வரும் எண்மரையும் கௌரவ மணிக் காப்பாளர்களாக நியமிப்பதில் பெருமை கொள்கிறது! அவர்கள் இத்தெருவில் சிந்தும் மணிகளைச் சேகரித்து, அவரவர் இல்லங்களிலேயே, அவரவர் பானைகளிலேயே, பத்திரமாகக் காப்பார்களாக!"

பூவம்மா ஹில்டாவின் காதருகே குனிந்தாள். "இன்னாடி சொல்றாரு?"

"பொறுக்கிக்கலாமாம்."

"அத்தச் சொல்லவா இம்மாம் பெரிய காயிதம்?"

"மாண்புமிகு பூவம்மா அவர்கள்!" என்று அய்யாத்துரை இரண்டாம் பக்கத்தைத் திருப்பினார்.

மாண்புமிகு பூவம்மா அதற்குள் வண்டி நின்ற பக்கம் உட்கார்ந்து வேலையை ஆரம்பித்திருந்தாள். ரசூல் பீவி கதவோரம் உட்கார்ந்தாள். பள்ளி மணி அடிக்க இன்னும் கொஞ்ச நேரம்தான் இருந்தது. ஹில்டா வேகமாகப் பொறுக்கிக்கொண்டே கோட்டின் நடுவுக்கு வந்தாள். அங்கே அவளால் மேலே நகர முடியவில்லை.

"ஐயா," என்றாள் மரியாதையாக. "கொஞ்சம் காலத் தூக்குறீங்களா? அடில ஒரு பிடி கீது."

அய்யாத்துரை திடுக்கிட்டுக் குனிந்து பார்த்தார். பிறகு வலது காலைத் தூக்கினார்.

"அந்தக் காலுங்க."

தலைவர் மூன்றாம் பக்கத்தை விடாமல் படித்துக்கொண்டே இடது காலையும் தூக்கினார்.